ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருக்கிறது... புற்றுநோயாக இருக்குமோ?

கேள்வி: என் வயது 34. நான்கு மாதங்களுக்கு முன் சளியும் தொண்டை வலியும் வந்தபோது கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தேன். இடது டான்சில் வலதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சளி போய்விட்டது, டான்சில் அப்படியேதான் இருக்கிறது. வலியில்லை, சாப்பிடவும் சிரமமில்லை. சிகரெட், மது, புகையிலைப் பழக்கம் எதுவும் கிடையாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, 'பயப்பட ஒன்றுமில்லை' என்றார். ஆனால் இணையத்தில் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் பத்து, பன்னிரண்டு முறை செல்போன் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கிறேன். இப்போது தாடைக்குக் கீழே ஏதோ சிறு கட்டி தட்டுப்படுவது போலவும் இருக்கிறது. டான்சிலை எடுத்துவிடும்படி நானே கேட்கலாமா?

பதில்: 'நான்கு மாதமாக அப்படியேதான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைப் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே தெம்பு தந்த வரி அதுதான். டான்சிலில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இத்தனை நாள் சும்மா இருக்காது. வளரும், புண்ணாகும், கழுத்தில் நெறி கட்டும், ஒரே பக்கமாக வலிக்கும். ஏதாவது ஒரு வழியில் தன்னைக் காட்டிக்கொள்ளும். வேறு அறிகுறி எதுவுமே இல்லாமல், மேல்பரப்பு வழுவழுப்பாக, அளவில் மட்டும் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றிருக்கும் டான்சிலில் புற்றுநோய் இருப்பது அரிது.

'அப்படியே இருக்கிறது' என்பதையும் நீங்கள் கண்ணாடியில் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்? அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

டான்சில் என்பது தொண்டையின் இருபுறமும் தசைமடிப்புகளுக்கு இடையே ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும் நிணநீர்த் திசு. இந்தக் குழி இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஆழமான குழியில் இருக்கும் டான்சில் சின்னதாகத் தெரியும். ஆழம் குறைந்த பக்கத்தில் இருப்பது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டையும் எடுத்து அளந்து பார்த்தால், பல சமயங்களில் அதிக வித்தியாசமே இருக்காது. அதோடு, நாக்கை அழுத்தி வாயை அகலத் திறக்கும்போது குமட்டல் வருகிறதல்லவா? அந்த நொடியில் தொண்டைத் தசைகள் இறுகி, டான்சிலை நடுவை நோக்கித் தள்ளுகின்றன. தலை கொஞ்சம் சாய்ந்தாலோ வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தாலோ படமே மாறிவிடும். என்னிடம் வருபவர்கள் செல்போனில் எடுத்த தொண்டைப் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டுவார்கள். காலையில் எடுத்ததிலும் மாலையில் எடுத்ததிலும் டான்சில் வேறு வேறு அளவில் இருக்கும். மாறியது டான்சில் அல்ல, போனைப் பிடித்த கோணம்.

உண்மையாகவே ஒரு பக்கம் பெரிதாவதும் உண்டு. சிறுவயதிலிருந்து அடிக்கடி தொற்று வந்து ஒரு பக்கம் தழும்பேறியிருக்கலாம். டான்சிலின் மேற்பரப்பில் இருக்கும் குழிகளில் உணவுத் துணுக்கும் இறந்த செல்களும் அடைந்து வெள்ளையாகக் கல் உருவாகலாம். இதில் வாய் நாற்றம் வரும், தொண்டையில் உறுத்தும். ஆபத்து ஒன்றும் கிடையாது. சிறிய நீர்க்கட்டி இருக்கலாம். சிறுவயதில் பெரிதாக இருக்கும் டான்சில் வளரிளம் பருவத்துக்குப் பிறகு சுருங்கும். அப்போது இரண்டும் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவாகவா சுருங்கும்?

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? சில வாரங்களுக்குள் ஒரு பக்கம் கண்கூடாக வளர்ந்தால், ஆறாத புண்ணோ ரத்தக் கசிவோ இருந்தால், தொட்டால் கெட்டியாக இருந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஒரே பக்கமாக வலிப்பது, விழுங்கும்போது உணவு சிக்குவது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது ஆகியவையும் அப்படித்தான். பலர் கோட்டைவிடும் ஒன்று காது வலி. டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் உணர்வைக் கொண்டுசெல்வது ஒரே நரம்பு என்பதால், தொண்டையில் இருக்கும் கோளாறு அதே பக்கக் காதில் வலியாகத் தெரியலாம். காதைப் பரிசோதித்தால் சுத்தமாக இருக்கும். அப்படி வலி நீடித்தால் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

புகையிலை இல்லாததால் உங்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது. ஹெச்.பி.வி. என்ற வைரஸால் புகைபிடிக்காதவர்களுக்கும் டான்சில் புற்றுநோய் வருவதுண்டு. அதில் வலியில்லாத கழுத்துக் கட்டியே முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் 'கட்டி'க்கு வருவோம். தாடைக்கு அடியில் இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. தேடித் தேடி அழுத்தினால் அது நிச்சயம் தட்டுப்படும். தாடை வளையும் இடத்துக்குக் கீழே, டான்சிலுக்குக் காவல் போல ஒரு நிணநீர் முடிச்சும் இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் அண்மையில் தொண்டைத் தொற்று வந்து போனவர்களுக்கும் அது அவரைக்கொட்டை போலக் கைக்கு அகப்படும். ஒரு சென்டிமீட்டருக்குள், மெத்தென்று, விரலுக்கு நழுவினால் சாதாரணம். நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் வலிக்க ஆரம்பிக்கும். பிறகு, 'வலிக்கிறதே!' என்று அடுத்த பயம் தொடங்கும். கெட்டியாக, நகராமல், இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் கரையாமல் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

உங்கள் தொண்டையை நான் பார்க்கவில்லை. அதனால் என் பேச்சைவிட நேரில் பார்த்தவரின் பேச்சுக்கே எடை அதிகம். ஆனால் அவர் எப்படிப் பார்த்தார் என்பது முக்கியம். டார்ச்சோடு நிறுத்திக்கொண்டாரா, கையுறை போட்ட விரலால் டான்சிலைத் தொட்டு மென்மையா கெட்டியா என்று சோதித்தாரா, கழுத்தைத் தடவிப் பார்த்தாரா? இதெல்லாம் நடக்கவில்லையென்றால் மறுபடி போய்க் கேட்பதில் கூச்சமே வேண்டாம். மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு நாக்கின் அடிப்பகுதிவரை பார்ப்பது சில நிமிட வேலை. கழுத்து முடிச்சில் ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் திசுவை எடுத்துப் பரிசோதனை. போகும்போது, 'அடுத்து எப்போது வந்து காட்ட வேண்டும்?' என்று கேட்டு ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். இப்போது எழுதிவைக்கும் அளவோடு அன்றைய அளவை ஒப்பிட ஒரு மருத்துவர் இருக்கிறார் என்றால், தினமும் அளக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

டான்சிலை எடுத்துவிடலாமா? பயத்துக்காக மட்டும் என்றால் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் முழு டான்சிலையும் எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது சரியான வழிதான். அப்படிச் செய்யவும் செய்கிறோம். ஆனால் பெரியவர்களுக்கு இது லேசான அறுவை சிகிச்சை அல்ல. பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை விழுங்கும்போதெல்லாம் வலிக்கும். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு 5 முதல் 10 நாட்களுக்குள்ளும் ரத்தம் கசியும் வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இடது டான்சில் போனபின் உங்கள் விரல் கழுத்தைத் தேடிப் போகும்.

ஏனென்றால் பயம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறீர்கள், ஐந்து நிமிடம் நிம்மதி, மறுபடி சந்தேகம், மறுபடி டார்ச். ஒவ்வொரு முறை பார்ப்பதும் 'இது பார்த்தே ஆகவேண்டிய ஆபத்து' என்று மூளைக்குப் பழக்கிக் கொடுக்கிறது. பயத்தில் தொண்டைத் தசைகள் இறுகி, ஏதோ அடைத்திருப்பது போலத் தோன்றுவதும் உண்டு. வெறும் எச்சிலை விழுங்கும்போது உறுத்தி, சாப்பிடும்போது காணாமல் போனால், பெரும்பாலும் அந்த வகைதான்.

ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் உங்களால் முடியாது, எனக்குத் தெரியும். இந்த வாரம் ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் இரண்டு நாளைக்கு ஒரு முறை. பிறகு வாரம் ஒரு முறை. இடையில் கை டார்ச்சைத் தேடினால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். போனில் இருக்கும் தொண்டைப் படங்களை அழித்துவிடுங்கள். இரவில் நோயைப் பற்றித் தேடிப் படிப்பதையும் விடுங்கள். வீட்டில் இருப்பவரிடம், 'நான் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சமாதானம் சொல்லாதே, "தேதி குறித்திருக்கிறது" என்று மட்டும் சொல்' எனக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று நான்கு வாரம் இப்படி முயன்றும் தூக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நோய் பற்றிய பதற்றத்துக்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. அங்கே போகும்போது, ஒரு நாளில் எத்தனை முறை தொண்டையைப் பார்த்தீர்கள் என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.