உலக அருட்பணி: நான்கு வார வேதபாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மிஷனெரி ஞாயிறுக்கு முந்தைய நான்கு வாரமும் வாலிபர்களுக்கு உலக அருட்பணியைப் பற்றி வேதபாடம் எடுக்கும் பொறுப்பை எங்கள் சபையில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு 45 நிமிடம். மத்தேயு 28:19-ஐயும் வில்லியம் கேரியையும் தவிர என்னிடம் அதிகம் சரக்கில்லை. "வெள்ளைக்காரன் தன் மதத்தைக் கொண்டுவந்த கதைதானே?" என்று ஒரு தம்பி இப்போதே கேட்டுவிட்டான். வேத அடிப்படையையும் வரலாற்றையும் எப்படிப் பிரித்து எடுப்பது?

பதில்: அந்தத் தம்பியின் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். நான்கு வாரத்தையும் அதன்மேலேயே கட்டலாம். முதல் இரண்டு வாரம் வேதம், அடுத்த இரண்டு வாரம் வரலாறு என்று பிரியுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பகுதியைச் சத்தமாக வாசிக்க 5 நிமிடம், பாடத்துக்கு 20, அவர்கள் பேச 15, ஜெபத்துக்கு 5. பெரும்பாலான வகுப்புகள் கெட்டுப்போவது ஆசிரியரே 40 நிமிடமும் பேசிவிடுவதால்தான். வாலிபர்களுக்குரிய 15 நிமிடத்தில் கை வைக்காதீர்கள்.

முதல் வாரம் மத்தேயுவைத் திறக்கவே வேண்டாம். ஆதியாகமம் 10, 11, 12 அதிகாரங்களை வரிசையாக எடுங்கள். பத்தாம் அதிகாரம் பூமியின் ஜனங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. எபிரெய மூலத்தில் எண்ணினால் எழுபது பெயர். பெயர்ப்பட்டியல்தானே என்று நாம் தாண்டிப்போகும் அதிகாரம் அது. பதினொன்றில் பாபேல், ஜனங்கள் சிதறுகிறார்கள். பன்னிரண்டில் தேவன் ஒரே ஒரு மனிதனை அழைக்கிறார்; அழைத்த கையோடு, "பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்" என்கிறார். பத்தாம் அதிகாரத்தின் ஜனங்களை மனதில் வைத்தே ஆபிரகாம் அழைக்கப்படுகிறான் என்பது மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் தெரியும். பவுல் கலாத்தியர் 3:8-இல் இந்த வாக்கியத்தையே ஆபிரகாமுக்கு முன்னறிவிக்கப்பட்ட சுவிசேஷம் என்கிறார். அருட்பணியின் வேத அடிப்படை இயேசுவின் கடைசிக் கட்டளையில் தொடங்கவில்லை என்று காட்ட இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

பிறகு சங்கீதம் 67. ஏழே வசனம். தேவரீர் எங்களை ஆசீர்வதியும் என்று தொடங்குகிறது. ஏன் என்ற காரணம் இரண்டாம் வசனத்தில் வருகிறது, ஜாதிகள் அவருடைய வழியை அறியும்படி. ஏசாயா 49:6-ஐயும் தொட்டுவிட்டு, மீதி நேரத்தை யோனாவின் நான்காம் அதிகாரத்துக்குக் கொடுங்கள். மீன் கதையை எல்லாருக்கும் தெரியும், கடைசி வசனம் தெரியாது. இலட்சத்து இருபதினாயிரம்பேருக்கு அதிகமான மனுஷர் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று தேவன் கேட்கிறார். யோனாவின் பதில் எழுதப்படாமலே புத்தகம் முடிகிறது. அன்றைய கலந்துரையாடலுக்கு அந்தக் கேள்வியைக் கொடுங்கள். எதிரியின் ஊர் பிழைப்பதில் யோனாவுக்கு ஏன் இத்தனை கோபம்?

இரண்டாம் வாரம் மத்தேயு 28. பத்தொன்பதாம் வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்து, "புறப்பட்டுப்போய்" என்ற சொல்லை அழுத்திப் பேசுவது நம் மேடைகளின் பழக்கம். கிரேக்க மூலத்தில் முற்றுவினை ஒன்றே ஒன்றுதான்: சீஷராக்குங்கள். போவது, ஞானஸ்நானங்கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் அதைச் சார்ந்து நிற்கின்றன. பழைய மொழிபெயர்ப்பில் முற்றுவினை கடைசியில் "உபதேசம்பண்ணுங்கள்" என்று விழுவதால் இந்த அமைப்பு நம் காதுக்குக் கேட்பதில்லை. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "சீடராக்குங்கள்" என்றே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். போவதற்கு அழுத்தமே இல்லை என்ற மறுகோடிக்கும் போய்விட வேண்டாம். மூலத்தில் அந்தச் சொல் கட்டளையின் வலுவைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிற அருட்பணி இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்ததாகாது.

இன்னொரு சொல் இங்கே தொல்லை தரும்: "சகல ஜாதிகளையும்." பழைய மொழிபெயர்ப்பில் ஜாதி என்றால் மக்களினம். இன்றைய பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் வேறொன்றைத்தான் சொல்லும். கிரேக்கச் சொல் 'எத்னே', திருவிவிலியம் 'மக்களினத்தார்' என்கிறது. வகுப்பின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது ஒன்றை மறைக்கவும் வேண்டாம்: நம் சபைகளுக்குள்ளேயே சாதிவாரியாக இருக்கை பிரிந்திருந்த காலம் உண்டு. அதை விட்டொழிக்கும்படி கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது தென்னிந்தியச் சபைகளில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சகல மக்களினத்தாரையும் ஒரே சீஷர் கூட்டமாக்கு என்ற கட்டளை நம்மையே அறுக்கும் இடம் இது.

அப்போஸ்தலர் 1:8-க்கு வரும்போது ஒரு பிரபலமான தவறு காத்திருக்கிறது. "எருசலேம் என்றால் உங்கள் சொந்த ஊர், யூதேயா உங்கள் மாவட்டம், சமாரியா பக்கத்து மாநிலம்" என்று வட்டம் வட்டமாகப் படம் போடுவார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர். எருசலேம் அவர்கள் சொந்த ஊரல்ல; தங்கள் ஆண்டவரைக் கொன்ற நகரம். சாட்சி அங்கேதான் தொடங்க வேண்டும் என்கிறார் இயேசு. அதோடு இந்த வசனம் ஏவல் வடிவிலும் இல்லை. "பெலனடைந்து... சாட்சிகளாயிருப்பீர்கள்" என்பது வாக்குத்தத்தம். குற்ற உணர்வை மூட்டி ஆள் சேர்க்க இதை எடுக்கக் கூடாது.

இரண்டாம் வாரத்தின் பெரும்பகுதி அந்தியோகியாவுக்குப் போகட்டும். அப்போஸ்தலர் 11:19-30, 13:1-3, 14:21-28 ஆகிய மூன்று பகுதிகளையும் மூன்று குழுக்களிடம் கொடுத்து, அந்தச் சபை என்னவெல்லாம் செய்தது என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். கிடைக்கும் விடை இப்படி இருக்கும். துன்பத்தால் சிதறிய, பெயர்கூட எழுதப்படாத சீப்புரு, சிரேனே ஊரார் சிலர் கிரேக்கரிடம் பேசியதால் அந்தச் சபை பிறந்தது. பர்னபாவும் சவுலும் ஒரு வருஷகாலம் உபதேசித்தார்கள். யூதேயாவில் பஞ்சம் என்றதும், தனக்குச் சுவிசேஷம் தந்த இடத்துக்கே அந்தச் சபை பணம் அனுப்பியது. தன் ஐந்து தலைவர்களில் இருவரை அனுப்பிவைத்தது. போன இருவரும் புதிய சபைகளில் அவரவர் ஊராரையே மூப்பராக ஏற்படுத்திவிட்டுத் திரும்பிவந்து, நடந்ததைச் சபைக்கு அறிவித்தார்கள்.

பெற்றவர் கொடுப்பவராகிறார், கொடுத்தவர் விலகி நிற்கிறார். அடுத்த இரண்டு வாரமும் வரலாற்றை அளக்க இந்த அளவுகோல் உங்களுக்குப் போதும். பதினைந்தாம் அதிகாரத்தையும் இரண்டு நிமிடம் தொடுங்கள். கிறிஸ்துவை விசுவாசிக்கப் புறஜாதியார் யூதராக மாறத் தேவையில்லை என்று எருசலேம் சங்கம் முடிவெடுத்தது. அனுப்புகிறவனின் உடையும் உணவும் மொழியும் சுவிசேஷத்தின் பகுதியல்ல என்பது முதல் நூற்றாண்டிலேயே தீர்க்கப்பட்ட வழக்கு. பிற்காலத்தில் பலர் மறந்தது இதைத்தான்.

மூன்றாம் வாரத்துக்கு 20 அடிக் கயிறு ஒன்று வேண்டும். அடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு நூற்றாண்டு. சுவரில் கட்டிவிட்டு ஆண்டு எழுதிய சீட்டுகளைத் தொங்கவிடுங்கள். கேரி மிஷனெரி சங்கம் தொடங்கிய 1792-ஐ முதலில் மாட்டச் சொல்லுங்கள். கயிற்றில் ஏறத்தாழ 18 அடி அவருக்கு முன்னால் காலியாகக் கிடக்கும். அதை நிரப்புவதுதான் அன்றைய பாடம்.

நான்காம் நூற்றாண்டில் ஆர்மீனியாவும் எத்தியோப்பியாவின் அக்சும் அரசும் கிறிஸ்தவத்தை ஏற்றுவிட்டன. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் மலபாரிலும் இலங்கையிலும் பாரசீகத் தொடர்புள்ள சபைகள் இருப்பதாக எழுதுகிறார். ரோமிலிருந்து அகஸ்டின் இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்கு வந்து இறங்கியது 597. சீனத்தின் அன்றைய தலைநகரான சாங்கானுக்கு அலோபென் என்ற மேற்கு ஆசியாவின் சுரியானிச் சபைத் துறவி வந்தது 635. இதை 781-இல் நாட்டப்பட்ட கல்வெட்டு சொல்கிறது, அந்தக் கல் இன்றும் சியான் நகரில் நிற்கிறது. 597, 635 என்ற இந்த இரண்டு சீட்டுகளும் கயிற்றில் அரை அடிகூட இடைவெளியில்லாமல் தொங்கும். தம்பியின் கேள்விக்கு அந்த இடைவெளியையே காட்டுங்கள். ஆங்கிலேயர் நற்செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் சீனரும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னவர்கள் ஆசியர்கள்.

தோமா கி.பி. 52-இல் வந்தார் என்பதைச் சொல்லும்போது அது கேரளத் தொன்மரபு என்று சொல்லுங்கள். காஸ்மாஸின் குறிப்பு எழுத்துச் சான்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், யாராவது தோமாவைக் கேள்வி கேட்கும்போது மற்றதும் சேர்ந்து சரியும்.

863-இல் இன்றைய செக் நாட்டுப் பகுதியான மொராவியாவுக்குப் போன சிரிலும் மெத்தோடியசும் ஸ்லாவிய மொழிக்கு எழுத்தே உண்டாக்கினார்கள். பவேரியக் குருமார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மக்களின் மொழியில் வழிபாடு வேண்டும் என்பதற்காக மெத்தோடியஸ் பட்ட பாடு தனி வகுப்புக்கே தாங்கும்.

கறைகளையும் அதே கயிற்றில் தொங்கவிடுங்கள். 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துக்கீசியர் கேரளத்தின் சுரியானிச் சபையைத் தங்கள் வழிக்கு வளைத்தார்கள். அந்தச் சபையின் பழைய நூல்கள் எரிக்கப்பட்டன. 1653-இல் மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையின் முன் கூடி எடுத்த கூனன் குரிசுச் சத்தியத்தோடு அந்த மக்கள் திருப்பி எழுந்தார்கள். ஐரோப்பிய ஆதிக்கத்தை எதிர்த்தவர்களும் இங்கே கிறிஸ்தவர்களே.

நான்காம் வாரத்தை 1706 ஜூலை 9-இல் தொடங்குங்கள். ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூச்சாவும் தரங்கம்பாடியில் இறங்கிய நாள். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பியவர்கள்தான். ஆனாலும் அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே சீகன்பால்கைச் சுமார் நான்கு மாதம் சிறையில் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதியிலும் கதை இதேதான். வணிகத்துக்குத் தொல்லை என்று 1813 வரை மிஷனெரிகளுக்கு அங்கே வழிவிட மறுத்தார்கள். கேரி வங்காளத்திலிருந்த டேனிஷ் ஊரான செராம்பூரில்தான் ஒதுங்க முடிந்தது. ஆட்சியும் மிஷனும் ஒரே கை என்பது தவறு. இரண்டுக்கும் உறவே இல்லை என்பதும் தவறு. இரண்டையும் சொன்னால் வாலிபர்கள் உங்களை நம்புவார்கள்.

சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலையோ, அவருடைய பணியை ஜெர்மனியிலிருந்து தாங்கிய ஹாலே நகரத்தார் அச்சிடவில்லை. அது 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. இங்கிருந்த மக்கள் என்ன நம்புகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதியவருக்கு அனுப்பியவர்களே காது கொடுக்கவில்லை.

கேரியின் இடம் எது? முதல் மிஷனெரி என்ற இடம் அவருடையதல்ல. தரங்கம்பாடி 86 ஆண்டு முந்தியது. ஏறத்தாழ 600 பேர் வாழ்ந்த ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்திலிருந்த மொராவியர் என்ற சபையார் 1732-இலேயே கரீபியத் தீவுகளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். சாதாரண விசுவாசிகள் சேர்ந்து சங்கம் அமைத்து, பணம் திரட்டி, ஆள் அனுப்பலாம் என்ற வடிவத்தை ஆங்கில உலகத்தில் பரவச்செய்ததில்தான் அவர் பெரியவர். 1792 அக்டோபர் 2-இல் கெட்டரிங் ஊரில் வாக்களிக்கப்பட்ட முதல் தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அவர் வங்காளம் வந்தது 1793. அவருடைய மிஷனின் முதல் இந்திய விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் இறுதியில். அந்த ஏழு ஆண்டுகளைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் திருநெல்வேலிக்கு. பாளையங்கோட்டையில் 1785-இல் ஆலயம் எழும்பியதற்குக் காரணம் குளோரிந்தா என்ற விதவைப் பெண். அந்த மண்ணின் சபை 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்னக்கல் பகுதிக்குத் தெலுங்கு பேசும் மக்களிடம் தன் ஆட்களை அனுப்பியது. பெற்ற சபை அனுப்பும் சபையாக 118 ஆண்டு ஆயிற்று. அந்தியோகியா தாளை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் ஏறத்தாழ 1,200 பேராளர்கள் கூடிய உலக மாநாட்டில், உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். மேற்கத்திய மிஷனெரிகளில் சிலருக்கு அது சுட்டது. 1912-இல் அவர் தோர்னக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

முடிவில் நேரே காணிக்கைப் பையை நீட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு பணித்தளத்தைத் தேர்ந்து, அங்கே பேசும் மொழி என்ன, அந்த மொழியில் வேதம் முழுமையாக உண்டா, உள்ளூர் மூப்பர்கள் பொறுப்பேற்றுவிட்டார்களா என்ற மூன்றையும் அனுப்பும் சங்கத்துக்கு வாலிபர்களே எழுதிக் கேட்கட்டும். பதில் வந்தபின் மாதம் ஒருமுறை, 12 மாதம் அந்த இடத்துக்காகவே ஜெபிக்கட்டும். அங்கிருந்து வரும் படங்களை, குறிப்பாகப் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் முகமும் ஊர்ப்பெயரும் தெரியும் படங்களை, வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். இங்கே 'ஆமென்' வாங்கித் தரும் அதே படம் அங்கே ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு விரட்டக்கூடும்.