பதில்: தம்பியைப் போர் நடக்கும் நாட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள்

ஓட்டல் வேலைக்கென்று போன தம்பியை, சண்டை நடக்கும் பக்கத்து நாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ முகாமுக்கு அனுப்பப் போவதாகவும், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதிதாக எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். இதைச் சாதாரண இடமாற்றமாக நினைக்காதீர்கள். 2004-இல் ஜோர்டானில் வேலை என்று கூட்டிப்போன நேபாளத் தொழிலாளர்கள் 12 பேரை ஈராக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஆயுதக் குழுவினர் அவர்களைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள்.

"நீ சம்மதித்துத்தானே வந்தாய்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஏமாற்றி வாங்கிய சம்மதம், 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறைப்படி செல்லாது.

ஒப்பந்தம், விசா பக்கம், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் இன்று இரவே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் சாட்சியும் போய்விடும். அப்புறம், அவர் இருக்கும் நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது.

ஒருவேளை அதற்குள் அனுப்பிவிட்டால், இதை நினைவில் வையுங்கள்: அமெரிக்க முகாம்களில் ஒப்பந்த நிறுவனத்துக்கு வேலை செய்பவர் எந்த நாட்டவரானாலும், காயம்பட்டால் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் (Defense Base Act) என்ற அமெரிக்கச் சட்டத்தில் இழப்பீடு கேட்கலாம். பொதுவாக ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும்.