இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு ஜிம் ஊசியா?

கேள்வி: பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் 71 வயது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள். எலும்பு சீக்கிரம் கூட, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாண்ட்ரோலோன் 50 மி.கி. ஊசி எழுதியிருக்கிறார்கள். "இது ஜிம் பசங்க போடற ஸ்டீராய்டு" என்கிறான் என் மகன். போடலாமா?

பதில்: மகன் சொல்வது சரிதான், அதே மருந்துதான். ஆனால் ஜிம்மில் ஒரு வாரத்துக்கே இதைப் போலப் பல மடங்கு ஏற்றுவார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. நாள்பட்டால் எலும்பை அரிக்கும் ஸ்டீராய்டு பிரட்னிசோலோன் வகை; இது அதுவல்ல. ஆண் ஹார்மோன் சாயலில் செய்தது, தசையில் புரதம் சேர்க்கும்.

ஆனால் "எலும்பு கூட" என்ற காரணம் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. முறிந்த பந்தையே எடுத்தாயிற்றே, கூடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? படுக்கையில் கரைந்த தொடைத் தசை தேறும் என்ற எண்ணத்தில் எழுதியிருக்கலாம். அந்த எண்ணத்துக்கும் ஆதாரம் மெலிசு. இடுப்பு முறிவுக்குப் பிறகு இந்த வகை ஊசி பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் குழு 2014-ல் அலசியபோது தேறியவை மூன்றே மூன்று, அவையும் சிறியவை. முடிவு சொல்ல அவை போதவில்லை.

நானாக இருந்தால் போட மாட்டேன். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் அம்மாவின் குரலைக் கவனியுங்கள். சளி இல்லாமலே கரகரத்தால் மிளகுப் பால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். தடித்த குரல் பழையபடி திரும்பாமலே போகலாம். கால் வீக்கத்தையும் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரத்தம் அளவுக்கு மீறி இளகும். சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கலாம். இந்த ஊசியைப் பல கம்பெனிகள் கடலை எண்ணெயில்தான் கரைத்துத் தருகின்றன. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது.

அப்புறம், வழுக்கி விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே பலமிழந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஜோலெட்ரானிக் அமிலம் வருடத்துக்கு ஒருமுறை 5 மி.கி., நரம்பு வழியாக. இடுப்பு முறிவு ஆபரேஷன் ஆகி 90 நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களுக்கு மறுமுறிவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. அடுத்த முறை போகும்போது கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), வைட்டமின் டி ரிப்போர்ட்டுகளைக் கையில் எடுத்துப்போய், ஜோலெட்ரானிக் அமில ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.