முதலில் ஏறத் தனிப் பணம் கட்டலாமா?

(வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், வெளிநாட்டுப் பயணக் கப்பல்களில் பல ஆண்டுகள் கேபின் ஸ்டூவர்டாக (அறைகளைக் கவனிக்கும் ஊழியராக) வேலை பார்த்து, இப்போது குளச்சலில் வசிப்பவர்.)

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பள்ளி விடுமுறையில் அங்கிருந்து பினாங்கு போய்வரும் கப்பலில் எங்கள் இருவருக்கும் அவன் குடும்பத்துக்கும் சீட்டுப் போட்டிருக்கிறான். கூடுதல் பணம் கட்டினால் வரிசையில் நிற்காமல் முதலில் ஏறலாம் என்று அவனுக்கு மெயில் வந்துகொண்டே இருக்கிறதாம். கட்டிவிடலாம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தக்கலை

டீச்சர், உங்கள் பயணத்துக்கு அது வேண்டாம்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போக நீங்கள் வரிசையில் நின்றிருப்பீர்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் அங்கே சாதாரணச் சீட்டு, சிறப்புச் சீட்டு என்று இரண்டு வைத்திருக்கிறது. ஐயப்ப பக்தர்கள் வந்து குவியும் மார்கழியில் வெளியூர் உறவினர் யாராவது வந்தால், சிறப்புச் சீட்டே எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே படகுகள் மாறி மாறிப் போகின்றன. முன்னால் நிற்பவர் இந்தப் படகில் போய்விடுவார், பின்னால் நிற்பவர் அடுத்ததற்கோ அதற்கும் அடுத்ததற்கோ காத்துக் கிடப்பார். மாலையில் படகு நின்றுவிடும். 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, பாறையைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து வள்ளுவர் சிலைக்கும் போகலாம் என்பதால், கரையில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். கொடுத்த காசுக்கு அங்கே நேரம் கிடைக்கிறது.

பயணக் கப்பலில் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே கப்பல். பதினொன்றரைக்கு ஏறியவரும் இரண்டு மணிக்கு ஏறியவரும் மாலையில் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள். நீங்கள் வாங்குவது முதல் நாளின் இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டும்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், கேபின்களுக்கு வெளியே உள்ள வராந்தாவில் நின்று வேலை பார்த்தவன் நான். பழைய பயணிகள் காலையில் இறங்குவார்கள். அன்று மத்தியானத்துக்குள் புதியவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொரு ஸ்டூவர்டும் தன் பங்குக் கேபின்களை எல்லாம் காலி செய்து, படுக்கை விரிப்பை உருவி, குளியலறை கழுவி, மறுபடி விரித்து முடிக்க வேண்டும். வராந்தா முழுக்க அழுக்குத் துணி மூட்டைகள். அதனால் வராந்தாவின் தீத்தடுப்புக் கதவுகளைச் சாத்தியே வைத்திருப்போம். பெரும்பாலான கப்பல்களில் கேபின் கிடைக்க மத்தியானம் ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடும். அதற்கு முன் ஏறியவர்கள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். அங்கேயும் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். ஒரு வயதான தம்பதி மாடிப்படி ஓரச் சோபாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இருவருக்கும் மத்தியான மாத்திரை போட வேண்டும், மாத்திரையோ கீழே கொடுத்துவிட்ட பெட்டிக்குள். முதலில் ஏறிய பிறகும் அவர்களுக்கு நிம்மதி இல்லை. ஆகையால் மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி சாயங்காலம்தான் கேபின் வாசலுக்கு வரும். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில் ஏதாவது உள்ளே இருந்தால் எக்ஸ்ரேயில் பிடித்து எடுத்து வைத்துவிடுவார்கள். அப்புறம் பெட்டியைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். பணம் கட்டினாலும் பாதுகாப்புச் சோதனை உண்டு, குடியேற்றச் சோதனையும் உண்டு. கப்பல் கம்பெனி தன் கவுண்டரில் உங்களை முன்னால் விடலாம், அரசாங்க அதிகாரியின் மேஜையில் விட முடியாது. பெரிய அறை எடுத்தவர்களுக்கும் அதே கம்பெனியில் அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கும் அந்த முன்னுரிமை இலவசமாகவே இருப்பதால், சில நாள் அந்த வரிசையும் நீண்டுதான் கிடக்கும்.

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆன்லைன் செக்-இன் திறந்த அன்றைக்கே போட்டோவையும் பாஸ்போர்ட் விவரத்தையும் ஏற்றிவிட்டு, இருப்பதிலேயே முந்தைய வருகை நேரத்தை மகன் தேர்ந்தெடுக்கட்டும். கூட்டம் வருவதற்குள் பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இறங்கிவிடலாம். பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பெரிய சந்தோஷம். அவசரமே இல்லை என்றால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்நேரம் வரிசை பெரும்பாலும் கரைந்திருக்கும். ஆனால் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடுவார்கள். உங்கள் சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள். கப்பல் திரும்பி வரும்போது நீங்கள் மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள்.

எனக்கும் மனைவிக்கும் இது முதல் கப்பல் பயணம், சிங்கப்பூரிலிருந்து புக்கெட். இருவருக்கும் அந்த முன்னுரிமை எடுக்கலாமா?
– புதுமாப்பிள்ளை, மார்த்தாண்டம்

தம்பி, உங்களுக்குப் பதில் வேறு. பினாங்கில் கப்பல் துறைமேடையிலேயே அணையும், பயணிகள் நடந்து இறங்கிவிடலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் வழக்கமாகப் பதோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போடும். அங்கிருந்து சிறு படகில் கரைக்குக் கொண்டு விடுவார்கள். நம் கன்னியாகுமரிக் கதை இங்கேதான் வருகிறது: படகு ஒவ்வொன்றாகப் போகும், முந்தியவர் முன்னால் போவார். கரையில் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதில் ஒன்றை வரிசையில் விட்டால் வலிக்கத்தான் செய்யும்.

ஆகவே கப்பல் ஏறுவதில் முன்னுரிமை என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பேக்கேஜில் சிறு படகுக்கும் முன்னுரிமை உண்டா என்று கேளுங்கள். கார்னிவல் கப்பல்களில் 'ஃபாஸ்டர் டு தி ஃபன்' என்று ஒன்று விற்கிறார்கள். அதில் படகு முன்னுரிமையும் சேர்ந்திருக்கிறது, கட்டணமும் கேபினுக்கு ஒன்று, தலைக்கு இல்லை. ராயல் கரீபியனின் 'தி கீ' வேறு மாதிரி. இணைய வசதி, முதல் நாள் மத்தியானச் சாப்பாடு, நிகழ்ச்சிகளில் தனி இருக்கை என்று பலதும் சேர்த்துத் தருவார்கள். ஆனால் ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்குப் போடுவார்கள். ஒரு கேபினில் ஒருவர் எடுத்தால் ஆறு வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களும் எடுத்தாக வேண்டும். இணையம் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அதன் விலையைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். இருவருக்கும் அந்த மீதி ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குள் வந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள், புதுக்குடித்தனத்துக்கு அந்தப் பணம் உதவும்.

கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்திருந்தால் இது எதுவும் தேவையில்லை. சுற்றுலாக் குழுக்களைத்தான் முதலில் படகேற்றுவார்கள். லட்சத்தீவுக்குப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள், அங்கேயும் கப்பல் வெளியில் நின்று, படகில்தான் தீவுக்குப் போக வேண்டும்.

மாமியாருக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. அவருக்காக முன்னுரிமைச் சீட்டு எடுக்க வேண்டுமா?
– இல்லத்தரசி, குலசேகரம்

வேண்டவே வேண்டாம். இதற்கு யாரும் பணம் கட்டக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். நிற்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி இலவசம். சீட்டுப் போட்ட உடனே கம்பெனியின் தனி உதவிப் பிரிவுக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். அன்று காலை துறைமுக வாசலிலும் ஊழியரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வரிசையில் நின்று கால் வீங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கேட்டிருந்தால் நாங்களே ஓடி வந்திருப்போம். அந்த நாற்காலி ஏறி இறங்குவதற்கு மட்டும்தான். பயணம் முழுக்கத் தேவை என்றால் சொந்தமாகவோ வாடகைக்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிறு படகு இறங்கும் ஊர்களைத் தவிர்த்த பயணமாக எடுப்பதும் நல்லது. அலையில் ஆடும் படகில் கால் வைப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்.

முதலில் ஏறியவர்கள் கடைசி நாள் முதலில் இறங்கலாமா? சென்னையில் இறங்கி அன்று மாலையே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சம்பந்தமில்லை, சில பேக்கேஜ்களில் மட்டும் இரண்டும் சேர்ந்திருக்கும். கப்பல் காலையில் வந்துவிட்டால் மாலை ரயிலுக்கு உங்களிடம் நேரம் தாராளமாக இருக்கிறது. முந்தைய இரவு பெட்டியை வராந்தாவில் வைக்காமல் நீங்களே சுமந்து இறங்குவதாகச் சொன்னால், பெரும்பாலான கப்பல்களில் காசில்லாமலே முதல் கூட்டத்தில் விட்டுவிடுவார்கள். தூக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பெட்டி கட்டுங்கள், லிஃப்ட் அன்று கிடைப்பது கஷ்டம்.