பூமியால் நிரந்தரமாக எத்தனை பேரைத் தாங்க முடியும்?

ஒரே ஒரு எண்ணாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மக்கள் எப்படி வாழப்போகிறார்கள் என்று தெரியாமல் எண்ணைச் சொல்ல முடியாது. சொன்னவர்கள் நிறைய உண்டு. 100 கோடிக்குக் கீழே நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள், லட்சம் கோடியைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது 1679-ல் டச்சு நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் போட்ட கணக்கு. நுண்ணோக்கியில் காட் மீனின் விந்தைப் பார்த்தவர், அதிலுள்ள உயிரணுக்கள் உலக மனிதர்களைவிட அதிகம் என்று காட்ட நினைத்தார். சரி, உலகம் எத்தனை பேரைக் கொள்ளும்? ஹாலந்தில் 10 லட்சம் பேர். மக்கள் வாழும் நிலம் ஹாலந்தைப் போல 13,385 மடங்கு. பெருக்கினார், ஏறக்குறைய 1,339 கோடி வந்தது. அன்றைக்கு உலகத்தில் 100 கோடி பேர்கூட இல்லை. ஆனால் அவர் அளந்தது இடத்தை மட்டும்தான். எனக்கு இடத்தைவிடச் சோறுதான் பெரிய கேள்வி.

சோறு என்றால் நைட்ரஜன், அது இல்லாமல் பயிர் வளராது. காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனாலும் நெல்லோ கோதுமையோ அதைக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவும், சாணமும் குப்பையும் கொடுத்ததை வைத்துத்தான் காலங்காலமாக விவசாயம் நடந்தது. 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்று நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா செய்துகாட்டினார். 1913-ல் கார்ல் போஷ் அதை ஜெர்மனியில் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த அமோனியாவிலிருந்து செய்யும் உரத்தை நம்பித்தான் இருக்கிறது.

அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறோம். அதாவது இன்றைய 800 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பூமி மட்டும் தாங்கவில்லை, அது புதைத்து வைத்திருந்ததைத் தோண்டியெடுத்துத் தாங்குகிறோம். பயிர் எடுத்தது போக மிஞ்சும் உரம் ஆற்றோடு போகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோடைதோறும் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் வாழ முடியாத பரப்பு உருவாவது இதனால்தான். இப்படியே நீடிக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக விவசாய நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடை மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போகிறது. உலகம் சாப்பிடும் கலோரியில் அதிலிருந்து வருவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேய்ச்சல் நிலம் எல்லாம் பயிருக்கு ஆகாது, உண்மைதான். இருந்தாலும் இறைச்சி கொஞ்சம் குறைந்தாலே, வீணாவது குறைந்தாலே, இருக்கிற நிலத்தில் இன்னும் பல கோடிப் பேர் சாப்பிடலாம்.

மக்கள்தொகை தானாகவே அடங்கி வருகிறது. 1960-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள், இப்போது இரண்டே கால். 2080-களில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு இறங்கும் என்பது 2024-ல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பு. அதனால் 'ஏழை நாடுகளில் பிள்ளைகள் அதிகம், அதுதான் பிரச்சினை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கார்பன் உமிழ்வில் ஏறக்குறைய பாதி, உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினருடையது.

என்னைக் கேட்டால், அளவோடு வாழ்ந்தால் 1,000 கோடிப் பேர் தாங்கும். அந்தப் பத்து சதவீதத்தினரைப் போல எல்லோரும் வாழ்ந்தால் இப்போது இருப்பவர்களுக்கே போதாது. சூரிய ஒளி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் அமோனியா செய்யும் ஆலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அந்த உரம் எரிவாயு உரத்தின் விலைக்கு இறங்கும் நாளில் என் பதிலைத் திருத்தி எழுதுவேன்.