பழைய மோட்டார் படகின் சாவி தொலைந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலம் முழுவதும் தார்ப்பாயின் கீழ்க் கிடந்த படகுகள் வெளியே வரும் மே மாதத்தில், என்ஜின் எண்ணெய் குறித்த கேள்விகளைவிடச் சாவி குறித்த கேள்விகளே எனக்கு மிகுதியாக வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 1970களிலிருந்து 1990கள் வரை வட அமெரிக்காவில் விற்பனையான படகுகளைப் பற்றியவை என்பதால், பதில்களும் முதன்மையாக அவற்றையே கருத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: 1980களின் பிற்பகுதியில் தயாரான ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும்) என்ஜின் பொருத்திய பதினேழு அடிப் படகு எங்களுடையது. கரையில் கட்டும்போது சாவி சிம்கோ ஏரியில் விழுந்துவிட்டது. மாற்றுச் சாவியும் இல்லை. ஜான்சன் நிறுவனமே இப்போது இல்லை என்று சொல்கிறார்கள். ஸ்விட்ச் முழுவதையும் மாற்றியாக வேண்டுமா? காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தேடிப் பார்க்கலாமா? (ஒன்டாரியோ)

பதில்: பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. இன்றைய கார்ச் சாவிகளில் இருப்பது போன்ற மின்னணுச் சில்லு எதுவும் உங்கள் படகின் சாவியில் கிடையாது. அது வெட்டுகள் போட்ட வெறும் உலோகத் துண்டு. அதைவிட முக்கியமானது, அந்தக் காலத்து அவுட்போர்டு நிறுவனங்கள் ஒவ்வொரு படகுக்கும் தனித்தனிச் சாவி செய்யவில்லை. சில பத்து வகை வெட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றையே ஆயிரக்கணக்கான ஸ்விட்சுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எந்த வகை என்பதைக் காட்டும் எண், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள உலோக முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஜான்சன், எவின்ரூட் என்ஜின்களில் அது பெரும்பாலும் இரண்டு இலக்க எண். யமாஹாவில் மூன்று இலக்க எண். அந்த எண்ணைச் சொன்னால், படகு உதிரிப்பாகக் கடைகளில் வெட்டி வைத்த சாவியே கிடைக்கும். மெர்க்குரியின் பழைய ஸ்விட்சுகள் பலவற்றில் இந்தச் சிரமமும் இல்லை, ஏனெனில் அவற்றுக்கெல்லாம் ஒரே வெட்டுதான். பக்கத்துப் படகுக்காரரின் சாவி உங்கள் படகிலும் திரும்பினால் வியப்படைய வேண்டாம். பழைய படகுகளில் இந்தப் பூட்டு திருடனைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்டதாக நான் ஒருபோதும் கருதியதில்லை.

நிறுவனத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது ஓரளவு சரியே. ஜான்சனையும் எவின்ரூடையும் தயாரித்துவந்த அவுட்போர்டு மரீன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த ஆண்டு அந்த என்ஜின்களைப் பொம்பார்டியர் நிறுவனம் வாங்கியது. 2020இல் எவின்ரூட் அவுட்போர்டுகளின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. எனினும் சாவிகளையும் ஸ்விட்சுகளையும் வேறு உதிரிப்பாகத் தயாரிப்பாளர்கள் இன்றும் செய்துவருவதால் உங்களுக்கு இடையூறு வராது. கடையில் படகின் உடல் எண்ணையோ என்ஜினின் வரிசை எண்ணையோ கொடுத்துச் சாவி கேட்பது பயனற்றது. அந்த எண்களுக்கும் சாவியின் எண்ணுக்கும் தொடர்பில்லை.

காந்தத்தைப் பொறுத்தவரை, இந்தச் சாவிகள் பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. சாவி கோத்திருந்த வளையம் சாதாரண எஃகாக இருந்து, அடியில் சேறும் குறைவாக இருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. புதுச் சாவிக்கு மிதவை வாங்கும்போது, அதில் மாட்டப்போகும் சாவிகள் அனைத்தையும் மாட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு சாவியைத் தாங்கும் மிதவை, வீட்டுச் சாவியும் கார்ச் சாவியும் சேர்ந்தால் மூழ்கிவிடும்.

கேள்வி: ஸ்விட்சின் முகப்பு முழுவதும் பச்சை பூத்திருக்கிறது. எண் தெரியவில்லை. சாவி செய்பவர் வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் கேட்கிறார்.

பதில்: முதலில் வினிகரில் நனைத்த துணியால் அந்தப் பச்சையைத் துடைத்து, பழைய பல் துலக்கியால் மென்மையாகத் தேயுங்கள், உப்புத்தாளைத் தொடாதீர்கள், பொறிப்பு ஆழமற்றது. பிறகு சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளி விழச் செய்து பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முகப்பிலுள்ள பெரிய நட்டைத் திருகி ஸ்விட்சைப் பின்பக்கமாக வெளியே எடுங்கள். சிலவற்றில் எண் உடல்பகுதியில் இருப்பதுண்டு. யமாஹாவின் 703 போன்ற பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பெட்டியைத் திறந்துதான் எடுக்க முடியும். வெளியே எடுத்த ஸ்விட்சைச் சாவி செய்பவரின் கடைக்கே கொண்டுபோனால், வந்து பார்க்கும் கட்டணம் மிச்சமாகும். எளிமையான பூட்டு என்பதால் அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தே சாவி வெட்டிவிடுவார். படகு உங்களுடையது என்பதற்கான உரிமத்தையோ விற்பனைச் சீட்டையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்காமல் வெட்டித் தருபவரிடம் நான் போக மாட்டேன்.

ஆனால் உள்ளேயும் அதே அளவுக்குப் பச்சை பூத்திருந்தால், அந்த ஸ்விட்சுக்குச் சாவி வெட்டுவது வீண் செலவு. புதிய ஸ்விட்ச் இரண்டு சாவிகளுடன் வரும். அப்போது அடுத்த பதிலைக் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: சாவி தொலைந்ததால் கார் உதிரிப்பாகக் கடையில் ஒரு ஸ்விட்ச் வாங்கி என் பழைய எவின்ரூடுக்கு நானே பொருத்தினேன். என்ஜின் ஓடுகிறது. ஆனால் சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்பதில்லை. ஒரு கறுப்பு-மஞ்சள் வயருக்கு எங்கும் இடமில்லாமல் விட்டுவிட்டேன். அதை எங்கே இணைப்பது?

பதில்: அதை எங்கும் இணைக்காமல் விட்டது உங்கள் நற்பேறு. மிச்சமிருந்த ஏதாவது ஒரு முனையில் அதைச் செருகியிருந்தால், இந்நேரம் தீப்பொறியை உண்டாக்கும் என்ஜினின் பற்றவைப்புப் பெட்டி எரிந்திருக்கக்கூடும். அதன் விலையில் எத்தனையோ ஸ்விட்சுகள் வாங்கலாம்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சாவி தொலைந்த பிறகு நடக்கும் பெரிய சேதங்கள் இந்த ஒரு இடத்தில்தான் நேர்கின்றன. பழைய காரிலும், மெர்க்ரூஸர் போன்ற படகுக்குள் பொருத்திய பெட்ரோல் என்ஜினிலும், தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாகப் போகிறது. சாவியைத் திருப்பி அணைத்தால் மின்சாரம் அறுந்து என்ஜின் நிற்கிறது. உங்கள் அவுட்போர்டில் நிலைமை நேர்மாறானது. என்ஜினின் மேலே சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் காந்தங்களே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குவதால், பேட்டரி இல்லாமலும் என்ஜின் ஓடும். அதை நிறுத்த வேண்டுமானால், அந்தக் கறுப்பு-மஞ்சள் வயரைத் தரை இணைப்போடு, அதாவது கறுப்பு வயரோடு, சேர்த்தாக வேண்டும். இவ்வகை என்ஜினுக்கான ஸ்விட்சில் ‘எம்’ என்று குறித்த இரண்டு முனைகள் இருக்கும். அணைந்த நிலையில் அவை ஒன்றோடொன்று இணைந்தும், ஓடும் நிலையில் பிரிந்தும் இருக்கும். கார் ஸ்விட்சில் அப்படிப்பட்ட முனையே கிடையாது. அதிலுள்ள முனைகள் பேட்டரியின் 12 வோல்ட்டைத் தருபவை. அந்த 12 வோல்ட் நிறுத்தும் வயரில் ஏறினால் பற்றவைப்புப் பெட்டி தாங்காது.

ஆகவே கார் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அவுட்போர்டுக்கென்றே செய்யப்பட்ட, ‘எம்’ முனைகள் உள்ள ஸ்விட்சை வாங்குங்கள். தொழிற்சாலையில் போட்ட வயரிங் இடையில் யார் கையும் படாமல் இருந்தால், உங்கள் காலத்து எவின்ரூடில் சிவப்பு-ஊதா பேட்டரியிலிருந்து வருவது, மஞ்சள்-சிவப்பு ஸ்டார்ட்டருக்கு, ஊதா கருவிகளுக்கு, ஊதா-வெள்ளை சோக் அல்லது பிரைமருக்கு. யமாஹாவில் இந்த நிறங்கள் செல்லாது: அங்கே சிவப்பு பேட்டரி, பழுப்பு ஸ்டார்ட்டர், மஞ்சள் கருவிகள், வெள்ளைதான் நிறுத்தும் வயர். நாற்பது ஆண்டுப் படகில் நிறத்தை மட்டும் நம்புவது அறிவுடைமை அன்று என்பதால், இனிமேல் ஸ்விட்சைக் கழற்றும் எவரும் முதலில் கைபேசியில் படமெடுத்து, ஒவ்வொரு வயரிலும் அது இருந்த முனையின் பெயரை எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: 1990களின் ஜான்சன், எவின்ரூட் ஸ்விட்சுகள் சிலவற்றில், ஓட்டுநர் தம் உடலோடு இணைத்துக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப், சாவித் துவாரத்தின் கழுத்திலேயே மாட்டும்படி அமைந்திருக்கும். உங்களுடையது அந்த வகையாக இருந்திருந்தால், சாதாரண ஸ்விட்ச் போட்டதோடு அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது. அதே வகையைத் தேடி வாங்குங்கள். அதுவரை படகை எடுக்க வேண்டாம். சோதனைக்காக ஓட்டிய என்ஜினை நிறுத்த, எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தால் போதும்.

கேள்வி: சாவி வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதுவரை வயர்களை நேரடியாகச் சேர்த்து ஓட்டலாமா? (மிச்சிகன்)

பதில்: வேண்டாம். படகுக்குள் பொருத்திய பெட்ரோல் என்ஜினாக இருந்தால் இதற்கு ‘வேண்டாம்’ என்பதைவிடக் கடுமையான சொல் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அது படகின் அடிப்பகுதியில் தேங்கும். அதை வெளியேற்றத்தான், என்ஜினைக் கிளப்புமுன் காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடம் ஓட்டும்படி அங்கே எச்சரிக்கைப் பலகை ஒட்டியிருக்கிறார்கள்; அந்தப் பகுதியில் பொருத்தும் மின்கருவிகளும் பொறி வெளியே வராத வகையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கையால் வயரை உரசி அங்கே பொறி உண்டாக்குவதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவுட்போர்டாக இருந்தாலும், கியர் நடுநிலையில் இல்லாதபோது ஸ்டார்ட்டர் சுழலாமல் தடுக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை இந்தக் குறுக்குவழி தாண்டிவிடக்கூடும்; படகு துறையிலிருந்து பாய்ந்து புறப்படும். மூடியின் கீழுள்ள அவசரக் கயிற்றை ஃப்ளைவீலில் சுற்றி இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சாவி அணைந்த நிலையில் இருக்கும்வரை நிறுத்தும் வயர் தரையோடு இணைந்தே இருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் தீப்பொறி வராது. தோள்பட்டை வலிதான் மிச்சம். அந்தக் கயிறு பேட்டரி இறங்கிய நாளுக்கானது.

கேள்வி: எங்கள் கண்ணாடியிழைப் படகில் யமாஹா இயந்திரம், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. அதன் சிவப்புத் திறப்பு (சாவி) கடலில் விழுந்துவிட்டது. இப்போது ஸ்டார்ட் ஆகுதில்லை. (பருத்தித்துறை)

பதில்: கயிறு இழுத்து இயக்கும் உங்கள் இயந்திரத்தில் பூட்டே இல்லை, ஐயா. நீங்கள் தொலைத்தது நிறுத்தும் பொத்தானின் கழுத்தில் செருகும் பிளாஸ்டிக் கவ்வி. அது இல்லாவிட்டால் தீப்பொறி வராது. யமாஹா விற்பவரிடம் குறைந்த விலைக்கு வாங்கலாம். பிற நிறுவனங்களின் கவ்விகள் வடிவில் மாறுபடுவதால், வாங்கும் கவ்வியைப் பொத்தானோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். நடுக்கடலில் தொலைந்தால் பொத்தானின் கழுத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றிக் கட்டிக் கரை சேர்வது தவறில்லை. கரை சேர்ந்த பிறகும் அந்த நரம்பை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. ஓட்டுபவர் கடலில் தூக்கி எறியப்பட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரக்கூடும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்தக் கவ்வியும், அதை ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் கயிறும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளை வேகமாக ஓட்டும்போது இதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே இருக்கிறது.

கேள்வி: நல்ல விலைக்கு ஒரு பழைய படகு வருகிறது. ‘சாவி மட்டும் தொலைந்துவிட்டது’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: சாவி இல்லாதது குறையன்று, சாவியோடு சேர்ந்து தாள்களும் இல்லாமல் இருந்தால்தான் குறை. படகின் பின்பலகையில் வலப்பக்க மேல்மூலையில் எழுத்துகளும் எண்களுமாக மொத்தம் 12 குறிகள் கொண்ட உடல் எண் இருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் தயாரான படகுகளுக்கு அது கட்டாயம். அது சுரண்டப்பட்டிருந்தாலோ, புதிதாக ரிவெட் அடித்த தகடாக இருந்தாலோ, பதிவுத் தாளோடு ஒத்துப்போகாவிட்டாலோ, விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். என்ஜினின் வரிசை எண்ணையும் அவ்வாறே பாருங்கள். தாள்கள் சரியாக இருந்தால், விற்பவரே தம் செலவில் ஸ்விட்சை மாற்றி, என்ஜினைத் தண்ணீரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். சாவி இல்லாததால் ஓட்டிக் காட்ட முடியவில்லை என்பது, ஓடாத என்ஜினை விற்பதற்கு மிக வசதியான சாக்கு.

கேள்வி: 1990களின் கடைசியில் வந்த சீ-டூ ஜெட் படகுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. 1990களின் நடுவிலிருந்து சீ-டூ தன் பல வண்டிகளில் சாவிக்குப் பதிலாக, பாதுகாப்புக் கயிற்றின் நுனியில் சில்லு பதித்த தொப்பியைப் பயன்படுத்தியது. புதிய தொப்பியை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. முகவரிடம் வண்டியைக் கொண்டுபோய் அதைப் பதிவுசெய்ய வேண்டும். செலவு கூடுதலாகும்.

கேள்வி: எங்கள் விசைப்படகின் டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி ஸ்விட்சுக்குள் முறிந்துவிட்டது. பேட்டரியின் மெயின் ஸ்விட்சை அணைத்தால் என்ஜின் நிற்குமா? (நாகப்பட்டினம்)

பதில்: நிற்காது, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்ட்டர்னேட்டர்தான் கெடும். ஓடும்போது பேட்டரியைத் துண்டித்தால், போக இடமின்றி மின்னழுத்தம் திடீரென உயர்ந்து அதன் டயோடுகளை எரித்துவிடும். பழைய டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருள் பம்ப் ஊட்டும்வரை அது ஓடும். பம்பிலுள்ள நிறுத்தும் நெம்புகோலை, அல்லது அதற்கென்று இழுத்துவிட்டிருக்கும் கேபிளை, இழுத்தால் நின்றுவிடும். நின்ற பிறகு பேட்டரியைத் துண்டித்து, முறிந்த துண்டின் மேல் துருநீக்கி எண்ணெய் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, மெல்லிய ஊசிமூக்குக் குறடால் நேராக இழுங்கள். துவாரம் அணைந்த நிலைக்குத் திரும்பாமல் இருந்தால், முதலில் சிறிய ஸ்க்ரூடிரைவரால் அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும், இல்லையேல் துண்டு வெளியே வராது. சிலர் பசை தடவிய குச்சியைச் செருகி எடுக்கப் பார்க்கிறார்கள். பசை உள்தகடுகளில் பரவிவிட்டால் ஸ்விட்ச் அதோடு முடிந்தது. எடுத்த இரண்டு துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தே புதிய சாவியை வெட்டிவிடலாம்.