மருத்துவமனைக் கட்டணமும் சந்தையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மருத்துவத்தில் போட்டி வேண்டும் என்று தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். சென்ற மாதம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அப்பாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் முன்பே நாள் குறித்தோம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று வந்த பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. நோயாளி பேரம் பேசவே முடியாத இடத்தில் சந்தை எப்படிச் செயல்படும்? இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பை நீக்க வைக்கும் ஸ்டென்டுக்குச் செய்ததுபோல எல்லாச் சிகிச்சைக்கும் அரசே விலை வைத்தால் என்ன?

– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் தந்தை நலமாக இருப்பார் என நம்புகிறேன்.

நோயாளிக்குத் தெரிந்ததற்கும் மருத்துவருக்குத் தெரிந்ததற்கும் உள்ள இடைவெளியால் மருத்துவம் மற்ற பண்டங்களைப் போன்றதல்ல என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இலேயே விரிவாக எழுதினார். அதை நான் மறுக்கவில்லை. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர் நான்கு இடத்தில் விலை விசாரிக்க முடியாது. ஆனால் தங்கள் தந்தைக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்திலும் உறுதியான ஒரு விலை தங்கள் கையில் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரின் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்காக நானும் இந்த ஊரில் அலைந்திருக்கிறேன். சேர்க்கைப் பிரிவில் முதல் கேள்வி, “இன்சூரன்ஸா, கேஷா?” இரண்டாவது, எந்த அறை. பொது வார்டிலிருந்து தனி அறைக்கு மாறினால் அறை வாடகை மட்டுமல்லாமல் அறுவை சிகிச்சை நிபுணரின் கட்டணமும் ஏறியது. அதே மருத்துவர், அதே தியேட்டர், அதே செயற்கை மூட்டு. பிறகு ஏன் என்று கேட்டதற்கு, “சிஸ்டத்தில் அப்படித்தான் சார் இருக்கிறது” என்றார் அங்கிருந்த பெண். வாங்குபவருக்கு விலை தெரியாமல், விற்பவர் மட்டும் அவர் எவ்வளவு தாங்குவார் என்று அளந்து பார்க்கும் ஏற்பாட்டைச் சந்தை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஸ்டென்டுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலை 29,600 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பலருக்கு அது உண்மையான நிவாரணம். ஆனால் மிகப் பெரிய லாப விகிதம் மருத்துவமனை மட்டத்தில்தான் இருந்தது என்று அந்த விலையை வைத்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் தரவே காட்டியது. எந்த ஸ்டென்ட் என்று தேர்ந்தெடுப்பதும் அதை விற்பதும் ஒரே இடமாக இருந்ததுதான் நோய். உச்ச விலை அந்தப் பொருளைத் தொட்டது. அந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. பில்லில் இன்னும் முப்பது நாற்பது வரிகள் இருக்கின்றன, அத்தனைக்கும் அரசால் விலை வைக்க முடியாது. உச்ச விலை வைத்தால் பொருளே சந்தையை விட்டு விலகவும் கூடும்: உயர்வகை ஸ்டென்டுகள் சிலவற்றைத் திரும்பப் பெற ஒரு நிறுவனம் அனுமதி கேட்டதும் அப்போது நடந்ததுதான்.

கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியில் 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அதைச் செய்து கொடுத்தது. ஆரோலேப் லாப நோக்கமற்றதுதான்; இருந்தாலும் விலையை இறக்கியது உத்தரவு அல்ல, புதிதாக ஒருவர் உற்பத்தியில் இறங்கியது. இரத்தப் பரிசோதனையில் இந்த நகரத்தில் நாம் தினமும் காண்பதும் அதுவே: விலையை முன்கூட்டியே சொல்லி, வீடு தேடி வந்து இரத்தம் எடுக்கிறார்கள்.

ஆகவே அரசிடம் நான் கேட்பது விலை நிர்ணயத்தை அல்ல. நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைகளுக்கு முழுத் தொகையை எழுத்தில் அறிவிப்பதும், மருந்தை வெளிக்கடையில் வாங்கிவர அனுமதிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அவசர சிகிச்சைக்கு வேறு விதி தேவை. அங்கே காப்பீடும் அரசு மருத்துவமனையும்தான் துணை.

தாங்கள் வரிவாரியான பில்லைக் கேட்டு வாங்கி, முதலில் தந்த எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடிய எண்பதாயிரத்துக்கும் மேலான தொகை எந்த வரிகளில் ஏறியது என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கிடைக்கும் பதிலை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே வெளியிடுகிறேன்.